பந்தலுக்கடியில் 27 டன் இரும்பு

ஒரு ஏக்கர் நிலத்தின் மேல்மண்ணை அரையடி ஆழத்துக்கு வழித்தெடுத்து எடைபோட்டால் ஏறக்குறைய 900 டன் வரும். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு இரும்பு என்று வைத்துக்கொள்வது செம்மண்ணைப் பொறுத்தவரை மிகையில்லை. ஆக, 27 டன். அந்த ஒரு ஏக்கரில் நிற்கும் திராட்சை வருடம் முழுக்கக் காய்த்து ஓய்ந்தாலும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரும்பு அரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு, இரும்புச்சத்துப் போதாமல் வெளுத்து நிற்கும் கொடிக்கு முன்னால் நின்றால் சற்றுக் குழப்பமாகத்தான் இருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிப் பக்கம் என் தாய்மாமனுக்கு ஒரு ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பழைய பந்தல். வரிசைக்கு வரிசை மூன்று மீட்டர், கொடிக்குக் கொடி இரண்டு மீட்டர் என்று கணக்குப் பார்த்தால் 670 கொடிகள் வரை பிடிக்கும். அதில் கிணற்று மேட்டை ஒட்டிய சில வரிசைகள் மட்டும் கவாத்து வெட்டி ஒரு மாதம் கழிந்ததும் நிறம் மாறத் தொடங்கும். பந்தலுக்கு மேலே ஏறும் கொழுந்து வெளிர்மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்தால் பெரிய நரம்பு, அதிலிருந்து பிரியும் சிறு நரம்பு, அதனினும் நுண்ணிய கிளை என்று அத்தனையும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். முற்றினால் அந்தக் கோடுகளும் மங்கி, இலை விளிம்பு கருகும். அதே தண்டின் அடியிலைகளோ ஒன்றுமே நடக்காதது போலக் கரும்பச்சையாக இருக்கும். இரும்பு ஓர் இலையில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் அங்கிருந்து கிளம்பி இன்னொன்றுக்குப் போவது சொற்பம். கொழுந்து தன் பங்கை வேரிலிருந்து அன்றன்றைக்கே வாங்கியாக வேண்டும். மக்னீசியம் இதற்கு நேர்மாறு. தட்டுப்பாடு வந்தால் கொடி அதை அடியிலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும். வெளுப்பது கிழட்டு இலைதான். எந்த இலை முதலில் வெளுக்கிறது என்று பார்ப்பதே பாதி நோயறிதல்.

"மண்ணுல இல்லாமயா மாப்ள இத்தனை வருசம் காச்சுச்சு?" என்றார் மாமா. உரக்கடைக்காரர் எழுதிக்கொடுத்த சீட்டை நான் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது வந்த கேள்வி அது. அதில் எரிச்சல் இருந்தது. ஆனால் மண்ணியல் படித்தவர்கள் நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வியும் அதுவேதான். மண்ணில் இருக்கிறது, கொடியில் இல்லை. இடையில் என்ன நடக்கிறது?

நடப்பது பெரும்பாலும் சுண்ணாம்பின் வேலை. கிணற்று மேட்டில் மண்வெட்டியை இரண்டு முறை ஓங்கிப் போட்டால் சுக்கான் கற்கள் கிளம்பும். வெள்ளையும் சாம்பலுமான அந்தக் கட்டிகளின் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரைக்கும். அந்த மண்ணில் காரத்தன்மை ஏறியிருக்கும். பிஎச் ஒரு புள்ளி ஏறினால் மண் ஈரத்தில் கரைந்துள்ள இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகவும், துத்தநாகம் நூற்றில் ஒரு பங்காகவும் சுருங்கும் என்பது வேதியியல் ஏடு சொல்லும் கணக்கு. தோட்டத்தில் அது அத்தனை சுத்தமாக நடப்பதில்லை. வேர் தன் பங்குக்குப் போராடுகிறது. திராட்சை வேர் நுனியிலிருந்து அமிலத்தைக் கசிய விட்டுத் தன்னைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது காரத்தைத் தணிக்கப் பார்க்கும். பிறகு துருவாகக் கிடக்கும் இரும்பைத் தான் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் பாய்கிற இடத்தில் அந்த முயற்சி தோற்கிறது. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், வேர் விடும் அமிலத்தை விட விட முறித்துக்கொண்டே இருக்கும். சொட்டுநீர்க் குழாயின் துளையில் படியும் வெள்ளைப் பொருக்கு அதன் அடையாளம். பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற வரிசைகள் பச்சையாக இருப்பதற்கும் கிணற்று மேடு வெளுப்பதற்கும் இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. வெளுத்த இலையைப் பறித்து எரித்துச் சாம்பலை ஆய்வகத்தில் அளந்தால், பச்சை இலையில் உள்ள அளவு இரும்பு சில நேரம் அதிலும் இருக்கும், கூடுதலாகக்கூட இருக்கும். வேரைத் தாண்டி, தண்டைத் தாண்டி, இலைவரைக்கும் வந்து சேர்ந்த இரும்பு, பச்சையம் உண்டாகும் இடத்துக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆராய்ச்சியாளர்கள் இதை ஒரு முரணாகவே குறித்துவைத்துப் பல ஆண்டுகளாக விவாதிக்கிறார்கள். நிறைந்த குதிருக்கு முன்னால் பட்டினி கிடப்பது மண்ணோடு முடிந்துவிடவில்லை, இலைக்குள்ளும் தொடர்கிறது.

இந்த நோய்க்கு முதல் மருந்து மருந்துக்கடையிலிருந்து வந்தது. 1830களில் பிரான்சில் ப்ளோ என்ற மருத்துவர், வெளிறிச் சோர்ந்த இளம்பெண்களுக்கு இரும்பு சல்பேட் மாத்திரை கொடுத்து குணம் கண்டார். பத்தாண்டுகள் கழித்து அதே நாட்டில் யூசெப் கிரீ என்பவர் வெளுத்த செடிகளுக்கு அதே உப்பைக் கரைத்து ஊற்றினார்; திராட்சை இலைகளின் மேல் தடவியும் பார்த்தார். தடவிய இடம் பச்சையானது, தடவாத இடம் மஞ்சளாகவே நின்றது. நம் நாட்டு மருந்துக்கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைப்பது இதே உப்புதான். சித்த வைத்தியத்தில் அன்னபேதிச் செந்தூரம் சோகைக்குக் கொடுப்பது. கிரீயின் சோதனையை யார் வேண்டுமானாலும் இன்றும் செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து கிராம் அன்னபேதியைக் கரைத்து, மஞ்சளித்த இலை ஒன்றின் பாதியில் மட்டும் பஞ்சால் ஒற்றி, அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டிவிட வேண்டியது. சில நாளில் அந்தப் பாதி பச்சை பிடித்தால் குறை இரும்புதான். பிடிக்கவில்லையென்றால் வேறெதையோ தேட வேண்டும். ஆய்வகக் கட்டணம் இல்லாத ஆய்வு இது. கடையில் எழுதித் தரும் எந்தச் சீட்டைக் காட்டிலும் இதன் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஆனால் அதே அன்னபேதியைக் கிணற்று மேட்டில் கிலோக்கணக்கில் மண்ணில் கொட்டினால் சில நாள்களில் துருவாகிவிடும். 27 டன்னோடு இன்னும் சில கிலோ சேரும், அவ்வளவுதான். கொட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தொழுவுரத்தோடு ஒன்றுக்குப் பத்து என்று கலந்து, ஈரம் காயாமல் ஒரு மாதம் மூடிவைத்துப் போடச் சொல்வார்கள். சாணத்தின் கரிம அமிலங்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு சுண்ணாம்பு தொடாமல் கொஞ்ச காலம் காப்பாற்றும். தொழிற்சாலையில் செய்யும் கொடுக்கிணைப்பு உரங்களும் இதே வேலையைத்தான் இன்னும் இறுக்கமாகச் செய்கின்றன. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடையில் எளிதாகக் கிடைக்கும் ஈடிடிஏ வகை, காரம் ஏறிய மண்ணில் இரும்பைக் கைவிட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். இலைக்குத் தெளிக்க அது போதும். சுக்கான் மண்ணில் வேருக்கு ஊற்றுவதென்றால் ஈடிடிஎச்ஏ என்ற சிவப்பு நிற வகைதான் தாங்கும். விலையைக் கேட்டால் ஒரு ஏக்கர்க்காரர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஐரோப்பாவில் இந்தச் சுண்ணாம்புப் பிரச்சினை ஒரு காலத்தில் நாட்டுப் பிரச்சினையாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரெஞ்சுத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அதைத் தாங்கும் அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். பூச்சி தோற்றது. ஆனால் கோன்யாக் வட்டாரத்தின் சுண்ணாம்பு மண்ணில் அந்த ஒட்டுச்செடிகள் மஞ்சளாகிச் செத்தன. ஆற்றோரத்துக் காட்டுக்கொடியின் வேருக்குச் சுண்ணாம்பை எதிர்க்கத் தெரியவில்லை. 1887இல் பிரெஞ்சு அரசு பியர் வியாலா என்ற பேராசிரியரை அமெரிக்காவுக்கு அனுப்பியது: சுண்ணாம்பில் வளரும் கொடியைக் கண்டுபிடித்து வா என்று. டெக்சஸில் டெனிசன் ஊரைச் சேர்ந்த டி.வி. மன்சன் என்ற திராட்சை வளர்ப்பாளர் அவருக்குச் சுண்ணாம்புக் குன்றுகளில் விளையும் பெர்லாந்தியேரி என்ற காட்டு இனத்தைக் காட்டினார். அதற்கு நன்றியாகப் பிரான்ஸ் மறு ஆண்டே மன்சனுக்கு விருது கொடுத்தது. கோன்யாக்கும் டெனிசனும் இன்றும் சகோதர நகரங்கள். பெர்லாந்தியேரியின் குச்சியை நட்டால் எளிதில் வேர்விடாது. அதனால் கலப்பினங்கள் வந்தன. அவற்றுள் பேர்பெற்ற 41பி, சுண்ணாம்பு நூற்றுக்கு நாற்பது வரை ஏறிய மண்ணையும் தாங்கும். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் மிலார்தே. இந்தப் பெயரைக் கடைசியில் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

உரத்தைத் தேடாமல் வேரைத் தேடிப் போன அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். மண்ணை மாற்ற முடியாது என்று ஒப்புக்கொண்டபின் எடுத்த முடிவு அது. நம் பக்கத்தில் மகாராஷ்டிரத்துக்காரர்கள் உப்பையும் வறட்சியையும் தாங்குவதற்காக டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடிகளுக்குப் போனார்கள். கம்பத்தில் பன்னீரைக் குச்சி வெட்டி நேரே நடுவதுதான் நெடுநாள் வழக்கம். மாமாவின் கொடிகள் எல்லாமே தம் சொந்த வேரில் நிற்பவை. அவற்றைப் பிடுங்கிவிட்டு ஒட்டுச்செடி வைக்கச் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

துத்தநாகத்தின் கதை வேறு மாதிரி. கலிபோர்னியாவின் பழத்தோட்டங்களில் இலை சிறுத்து, கணு குறுகி, தளிர் கொத்துக்கொத்தாக நிற்கும் ஒரு நோய் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் சாண்ட்லர், ஹோக்லண்ட் குழுவினர் இரும்பு சல்பேட்டை மரத்தடியில் நிறையப் போட்டபோது மரங்கள் தேறின. இரும்புக் குறை என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் சுத்தம் செய்த இரும்பு சல்பேட்டைப் போட்டபோது மரம் தேறவில்லை. மலிவான சரக்கில் அழுக்காகக் கலந்திருந்த துத்தநாகம்தான் மருந்து என்று பிறகு தெரிந்தது. அதே கலிபோர்னியாவில் இந்த நோய் மிகக் கடுமையாக வந்த இடங்களில் ஒன்று பழைய மாட்டுப்பட்டிகள் இருந்த நிலம். ஆண்டுக்கணக்காகச் சாணமும் மூத்திரமும் சேர்ந்து, மணிச்சத்து மண்டிக்கிடந்த நிலத்தில் துத்தநாகப் பஞ்சம்!

நம் ஊரில் மலைமாட்டுக் கிடையும் ஆட்டுக்கிடையும் போடுவதை இதோடு சேர்த்துக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. இரண்டு மூன்று இரவு கிடை போட்டு நகர்த்துவது வேறு, ஐம்பது வருடம் ஒரே இடத்தில் பட்டி அடைப்பது வேறு. கிடையால் துத்தநாகம் கூடத்தான் செய்யும். ஆனால் கிடையின் இடத்தைப் பிடித்த டிஏபி மூட்டைக்கு அந்தப் பழைய பட்டியின் குணம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கவாத்துக்கும் அடியுரம், இரண்டு வருடத்தில் ஐந்து அறுப்பு என்று ஓடும் கம்பம் கணக்கில் மணிச்சத்து மண்ணில் ஏறிக்கொண்டே போகிறது. கொடி அதில் சிறு பங்கைத்தான் எடுக்கிறது. மிச்சம் நின்று துத்தநாகத்துக்கு வழிமறிக்கிறது. மண் பரிசோதனையில் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்த பிறகும் அதே மூட்டையை வாங்குகிறோம், கூடவே ஜிங்க் பாக்கெட்டும் வாங்குகிறோம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைப்பவர்களும் உண்டு. அப்படிக் கலந்தால் கரையாத துத்தநாக பாஸ்பேட்தான் மிஞ்சும்.

திராட்சையில் துத்தநாகக் குறையைக் கண்டுபிடிக்க இலைக்காம்பு சேரும் இடத்தைப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல இலையில் காம்பின் இருபுறமும் மடல்கள் நெருங்கி வந்து குறுகிய பிளவாக இருக்கும். குறை வந்த இலையில் அந்தப் பிளவு விரிந்து கிடக்கும். இலை சிறுத்து, ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாகக் கோணியிருக்கும். ஆனால் விவசாயி இலையைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பதில்லை. குலையில்தான் கண்டுபிடிக்கிறார், அப்போது நாள் கடந்திருக்கும். ஒரே குலையில் பருத்த காய் நாலு, விதையில்லாத சின்னஞ்சிறு காய் இருபது, பச்சையாகவே நின்றுவிட்ட பொட்டுகள் சில. வியாபாரி குலையைக் கையில் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே விடுவார். விலை அந்த மௌனத்தில் முடிவாகிவிடும்.

சங்கடம் என்னவென்றால் போரான் குறைந்தாலும் குலை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பூக்கும் நேரத்தில் மழை அடித்தாலும் இப்படித்தான். போரான் குறையில் மகரந்தக் குழல் நீள மாட்டாமல் சூலகத்தை எட்டாமலே நின்றுவிடுகிறது. காய் பிடித்தாலும் விதையில்லாமல் இருபுறம் தட்டையாக அமுங்கிய வடிவத்தில் நிற்கிறது. போரான் செடிக்குத் தேவை என்பதையே இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கேதரின் வாரிங்டன் 1923இல் அவரைச் செடி வகையொன்றை வைத்துத்தான் நிறுவினார். ஒரு ஏக்கர் திராட்சை ஆண்டுக்கு எடுக்கும் போரான் நூறு கிராமுக்குள். ஒரு தேநீர்க் குவளைக்குள் அடங்கிவிடும் அந்த அளவைத்தான் மணற்பாங்கான நிலத்தில் ஒரு நல்ல மழை அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

அதற்காக அள்ளிப்போடவும் முடியாது. நுண்ணூட்டங்களில் போதாமைக்கும் நஞ்சுக்கும் இடையே மிகக் குறுகிய வழி போரானுக்குத்தான். மண்ணில் கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறை என்கிறார்கள்; பாசன நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டினாலே திராட்சைக்கு ஆபத்து என்கிறார்கள். மிகுந்தால் இலை விளிம்பில் கரும்புள்ளிகள் வந்து, இளம் இலைகள் கிண்ணம்போலக் குவியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் தெளிப்பைப் பாருங்கள்: நூறு லிட்டர் தண்ணீருக்கு போரிக் அமிலம் 100 கிராம், துத்தநாக சல்பேட் 200 கிராம், யூரியா ஒரு கிலோ, பூப்பதற்கு முன் ஒருமுறை, பத்து நாள் கழித்து மறுமுறை. பத்து லிட்டர் டேங்குக்கு போரிக் அமிலம் பத்தே கிராம். பந்தலடியில் தராசு யாரிடம் இருக்கிறது? கையளவு, மூடியளவு, 'கொஞ்சம் தூக்கலாப் போடு' என்ற அளவு இவையெல்லாம்தான் நடைமுறை. தழைச்சத்தில் நூறு கிராம் ஏறினால் யாருக்கும் தெரியாது. போரானில் தெரிந்துவிடும். நகைக்கடையில் பழையதாகத் தள்ளிய சின்னத் தராசு ஒன்றை வாங்கி மோட்டார் அறையில் வைத்தால் ஒரு விவசாயிக்குப் பாதி மருந்துச் செலவு மிச்சம் என்று நினைக்கிறேன்.

கலவைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எட்டுச் சத்தும் ஒரே பாட்டிலில் என்று விற்கிறார்கள். எது குறை என்று தெரியாதவருக்கு எல்லாம் கொடுப்பது வசதியாகத்தான் இருக்கிறது. வேளாண்மைத் துறை குடுமியான்மலையில் தயாரிக்கும் நுண்ணூட்டக் கலவைகளாவது நெல்லுக்கு ஒன்று, கடலைக்கு ஒன்று, தென்னைக்கு ஒன்று என்று பயிரைப் பார்க்கின்றன. கடைப் பாட்டில் பயிரையும் பார்ப்பதில்லை, மண்ணையும் பார்ப்பதில்லை. ஏற்கெனவே செம்பு மண்டிக்கிடக்கும் பந்தலுக்கு அதிலும் கொஞ்சம் செம்பு இருக்கிறது. இரும்பும் மாங்கனீசும் ஒன்றையொன்று தள்ளும், செம்பும் துத்தநாகமும் ஒன்றையொன்று தள்ளும். மொத்தமாகக் கொடுப்பது யாரையும் சரிசெய்யாமல் எல்லாரையும் சமாதானப்படுத்தும் வேலை.

பெரிய தோட்டத்தில் சராசரி பார்த்து உரம் வைப்பதைத் தவிர வழியில்லை. 670 கொடிக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெளுத்த வரிசையின் மண்ணைத் தனியாக, பச்சை வரிசையின் மண்ணைத் தனியாக எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கும் முறை இருக்கிறது. பல்லாண்டுக் கொடியென்பதால் ஓரடி, ஈரடி, மூன்றடி என்று மூன்று ஆழத்தில் எடுக்க வேண்டும். நுண்ணூட்டத்துக்கு எடுக்கும்போது இரும்பு மண்வெட்டியும் துத்தநாகம் பூசிய வாளியும் கூடாது. மரக்குச்சியும் பிளாஸ்டிக் தட்டும் போதும். மண்வெட்டியால் குழி தோண்டிவிட்டாலும், அது தொட்ட பக்கத்தைக் குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டு உள்மண்ணை எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் அந்த மண்ணை டிடிபிஏ கரைசலில் இரண்டு மணிநேரம் குலுக்கி வடிகட்டி அளப்பார்கள். லிண்ட்சே, நார்வெல் இருவரும் 1978இல் எழுதிவைத்த முறை. மண்ணில் உள்ள அத்தனை இரும்பையும் அது அளக்காது. ஒரு வேர் கெஞ்சிக் கேட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தோராயமாகச் சொல்லும். 27 டன், ஆய்வகம் தரும் சீட்டில் கிலோவுக்கு மூன்று நான்கு மில்லிகிராம் என்று இறங்கிவிடுவது அதனால்தான். கொடியையே கேட்பதென்றால் கவாத்து வெட்டி 45ஆம் நாள் வாக்கில், அடியிலிருந்து ஐந்தாவது இலையின் காம்பை மட்டும் கிள்ளி அனுப்ப வேண்டும். மருந்தடித்த கையோடு கிள்ளினால் ஆய்வகம் அளப்பது மருந்தைத்தான்.

இலைவழியும் வேர்வழியும் போக மூன்றாவது வழி ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராசிகியே என்ற பிரெஞ்சு மருத்துவர், கவாத்து வெட்டிய கையோடு ஒவ்வொரு வெட்டுவாயிலும் கனத்த இரும்பு சல்பேட் கரைசலைத் துணியால் தடவச் சொன்னார். தண்டு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மண்ணோடு பேரம் பேச வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் துத்தநாக சல்பேட்டை இதே மாதிரி வெட்டுவாயில் பூசியிருக்கிறார்கள். கவாத்துக் கூலிக்கு வருபவரிடம் கையில் ஒரு டப்பாவும் தூரிகையும் கொடுத்தால் ஆகிற வேலை. கவாத்து அடிக்கடி நடக்கும் கம்பத்துக்குப் பொருத்தமான வழியாகத் தோன்றுகிறது. ஆனைமலையன்பட்டியில் இருக்கும் திராட்சை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில் பன்னீர் வகைக்கு அளவு பார்த்துச் சொல்லலாம். நம் பாட்டுக்குப் பூசக் கூடாது, கரைசல் கனத்தால் மொட்டு கருகும்.

எனக்கு மிகப் பிடித்த திருத்தம் எதுவென்றால் புல். 1976இல் ஜப்பானியர் டகாகி, புல்லின வேர்கள் இரும்பு போதாதபோது ஒரு பொருளைக் கசியவிட்டுத் துருவைக் கவ்வி இழுக்கின்றன என்று கண்டார். சோளம், கம்பு, அருகு எல்லாம் இந்த வம்சம். காரம் ஏறினாலும் அந்தப் பிடி தளராது. திராட்சை வேருக்கு அந்தத் திறமை கிடையாது. ஆனால் புல் வேரோடு பின்னிக்கிடந்தால் அது கவ்வியதில் கொஞ்சம் திராட்சைக்கும் கிடைக்கிறது. இத்தாலியில் வரிசைகளுக்கிடையே புல் வளர்த்துப் பார்த்த ஆய்வுகளில் கொடிகளின் வெளுப்பு குறைந்தது. இதை மாமாவிடம் சொன்னால் சிரிக்கிறார். பந்தலடி துடைத்துவிட்ட மாதிரி இருப்பதுதான் நல்ல சம்சாரிக்கு அடையாளம் என்று வளர்ந்தவர். அவர் சிரிப்பிலும் நியாயம் உண்டு: புல் தண்ணீர் குடிக்கும், பந்தல் நிழலில் அது சரியாக வளராது, ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் வரும். கிணற்று மேட்டின் நாலு வரிசையில் மட்டும் ஒரு கவாத்துக்காலத்துக்குச் சோளம் விதைத்து, முட்டுக்கு வந்ததும் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போட்டுப் பார்க்கலாம் என்பதுவரை இறங்கிவந்திருக்கிறார். "மாடு திங்கிறதுக்கு ஆச்சு" என்று அதற்கு அவர் காரணம் சொல்லிக்கொண்டார். மூடாக்கு என்று நான் சொன்னது காதில் விழவில்லை போலிருக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் குறைகள். குறைக்கு ஏதோ ஒரு வழி இருக்கிறது. மிகுதிக்கு?

மிலார்தேயிடம் திரும்ப வேண்டும். சுண்ணாம்பைத் தாங்கும் வேரைக் கொடுத்த அதே மனிதர்தான், சாலையோரக் கொடிகளில் பழம் திருடாமலிருக்க யாரோ தெளித்திருந்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் அடிச்சாம்பல் நோயைத் தடுப்பதைக் கவனித்து, 1885இல் போர்டோ கலவையை உலகுக்குச் சொன்னார். நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. கலக்கி முடித்ததும் அரிவாளின் நுனியைக் கரைசலில் சிறிது நேரம் நனைத்து எடுத்துப் பார்ப்பார்கள். செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் பந்தலில் வேலை செய்த எவருக்கும் இது தெரியும். அரிவாளில் படியாத செம்பு இலையில் படிகிறது, இலையிலிருந்து மண்ணுக்கு வருகிறது. வந்தது எங்கும் போவதில்லை. போரான்போல் மழையில் கரைந்தோடாது, தழைச்சத்துபோல் காற்றில் கலக்காது. மேல்மண்ணில் கரிமத்தோடு ஒட்டிக்கொண்டு தலைமுறைகளுக்கு நிற்கும். மிகுந்தால் இரும்பைத் தடுக்கும், வேரைக் கருக்கும், மண்புழுவை விரட்டும். நூறாண்டுக்கு மேல் தெளித்த பிரெஞ்சுத் தோட்டங்களில் வேறு பயிர் வைக்கவே சிரமப்படும் நிலங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இப்போது ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ செம்புக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது.

மாமாவின் வீட்டில் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் மண்வள அட்டையை எடுத்துப் பார்த்தேன். 2015இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் அட்டை. தழை, மணி, சாம்பல் சத்துகளுக்குக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று படிகள் இருக்கின்றன. நுண்ணூட்டங்களுக்கு இரண்டே படிகள்: குறைவு, போதுமானது. செம்புக்கு நேரே 'போதுமானது' என்று இருந்தது. கொடி வைத்த நாளிலிருந்து கவாத்துக்குக் கவாத்து மயில்துத்தம் தெளித்த பந்தல் அது. போதுமானதற்கு மேல் எழுத அந்த அட்டையில் கட்டம் இல்லை.